கன்னம் இரண்டு, ரேசர் நாற்பது

அமெரிக்கச் சிற்றூர்களில் கோடைகால ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சாமான் சந்தை கூடும். பீங்கான் கோப்பை, கிராமபோன் தட்டு, தாத்தா காலத்துச் சுவர்க்கடிகாரம் என்று மேசைமேல் அடுக்கியிருப்பதை ஜனங்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் மேசைக்கு அடியில் குனிந்திருப்பார். துருப்பிடித்த சில்லறைச் சாமான்கள் கிடக்கும் அட்டைப்பெட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருப்பார். ஐம்பதை ஒட்டிய வயது. கணக்கரோ கணினிக்காரரோ, எப்படியும் உட்கார்ந்து பார்க்கும் உத்தியோகம். முகம் மட்டும் சந்தேகப்படும் அளவுக்கு வழவழவென்றிருக்கும். அவர்தான் நம் ஆள்.

திடீரென்று கை நிற்கும். கண் விரியும். ஆனால் மூச்சு விடமாட்டார். ஒரு பழைய கரண்டியை எடுத்து, "இது என்ன விலை?" என்பார். பிறகு ஒரு பூட்டில்லாத சாவியை விசாரிப்பார். கடைசியில் போகிற போக்கில், "இந்த இரும்புத் துண்டும் விற்கத்தானா?" என்று ஒரு கேள்வி. அந்த இரும்புத் துண்டு 'எவர்-ரெடி' கம்பெனியின் 1912 மாடல் ரேசர். கடைக்காரர் விலையைச் சொல்லி முடிப்பதற்குள் பணம் மேசைமேல் இருக்கும். கரண்டியையும் சேர்த்தே வாங்கிக்கொள்வார். சந்தையில் என்ன வாங்கினீர்கள் என்று மனைவி கேட்டால் காட்டுவதற்கு ஒன்று வேண்டுமல்லவா?

இந்த வகையினரை அங்கே 'வெட் ஷேவிங்' ரசிகர்கள் என்பார்கள். தண்ணீர், சோப்பு, பிரஷ், ரேசர், இவ்வளவுதானே, இதில் ரசிக்க என்ன இருக்கிறது என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள். பதில் சொல்லிவிடுவார்.

எல்லோருக்கும் ஆரம்பம் கோபம்தான். மருந்துக்கடையில் ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜைக் கண்ணாடிக் கதவுக்குள் பூட்டி வைத்திருப்பார்கள். மணியை அழுத்திவிட்டு நிற்க வேண்டும். ஊழியர் சாவிக்கொத்தோடு ஆடி அசைந்து வந்து, ஆளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திறப்பார். விலையோ நகைக்கடை விலை. ஒருநாள் நம் ஆளுக்குப் பொறுக்கவில்லை. 1971இல் இரண்டு பிளேடு, 1998இல் மூன்று, 2006இல் ஐந்து என்று ஜில்லெட் ஏற்றிக்கொண்டே போன கதையை விரல்விட்டு எண்ணினார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1975இல் 'சாட்டர்டே நைட் லைவ்' தொலைக்காட்சி நிகழ்ச்சி தொடங்கியபோது முதல் வாரமே மூன்று பிளேடு ரேசருக்குக் கேலி விளம்பரம் ஒன்று போட்டார்கள். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இருபத்துமூன்று வருஷம் கழித்து அது நிஜமாகவே கடைக்கு வந்தது. சிரித்தவர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். 'இனி என் முகத்துக்கு ஒரே பிளேடு' என்று நம் ஆள் சபதம் செய்தது இப்படித்தான்.

சபதம் செய்தவர்களில் பெரும்பாலோர் இருபக்கமும் கூர் உள்ள பழைய பிளேடோடு நின்றுவிடுவார்கள். நம் ஊர்ப் பெட்டிக்கடையில் காகித உறைக்குள் வருகிறதே, அதே பிளேடு. மலிவு, எங்கும் கிடைக்கும், வேலையும் சுத்தம். நம் ஆளும் கொஞ்ச நாள் அதில்தான் இருந்தார். பிறகு அலுவலகத்தில் இன்னும் இரண்டு பேர் அதை வாங்கிவிட்டார்கள். கூட்டம் சேர்ந்த இடத்தில் பரம பக்தனுக்கு என்ன வேலை? ஒருபக்கம் மட்டும் கூர் உள்ள பிளேடு போடும் ரேசர்களைத் தேடிப் புறப்பட்டார். முகத்துக்குத் தொடங்கிய காரியம் சரித்திர ஆராய்ச்சியாகிவிட்டது.

அவருடைய சரித்திரம் 1880இல் பிறக்கிறது. நியூயார்க்கில் கேம்ஃபே சகோதரர்கள் 'ஸ்டார்' என்ற ரேசருக்கு அந்த ஆண்டு காப்புரிமை வாங்கினார்கள். தலைப்பகுதியில் ஒரு சின்னப் பெட்டி; வழித்த நுரை அதற்குள் விழும். எழுத்தாளரும் மருத்துவருமான ஆலிவர் வென்டல் ஹோம்ஸ் தம் ஐரோப்பியப் பயண நூலில் வேலை மெனக்கெட்டு அதைப் புகழ்ந்திருக்கிறார். அதன்பின் ஜெம் போன்றவை வந்தன. எல்லாம் ஒருபக்கக் கூர். எல்லாம் சுபம்.

அப்புறம் கிங் கேம்ப் ஜில்லெட் வந்தார். நம் ஆள் இந்த இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்வார். கடைக்கு வந்தது 1903இல்; முதல் வருஷம் முழுவதும் விற்றது 51 ரேசர், 168 பிளேடு. அந்த 51ஐச் சொல்லும்போது அவர் முகத்தில் தெரியும் திருப்தியைப் பார்க்க வேண்டும். கடையை அன்றைக்கே மூடியிருக்கலாம் என்பது அவர் கட்சி. ஜில்லெட் மூடவில்லை. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்கு 35 லட்சம் ரேசர்கள் சப்ளை செய்தது அவர் கம்பெனி. ஊர் திரும்பிய சிப்பாய்களின் பைக்குள் ரேசரும் திரும்பியது. பழக்கமும் கூடவே வந்தது. போரில் இறந்தவர்களுக்காக உலகம் வருந்துகிறது. நம் ஆள் அத்தோடு ஜெம் கம்பெனிக்காகவும் வருந்துகிறார்.

விளம்பரம் என்றால் அவருக்கு ஆகாது. மனிதனைப் பயமுறுத்திப் பணம் பறிக்கும் வித்தை என்பார். ஆனால் குளியலறைச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பது 1930களின் ஜெம் விளம்பரம். காலையில் வழித்த முகத்தில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் தாடி நிழல் கட்டிவிடும், ஜாக்கிரதை என்று ஒரு தேசத்தின் ஆண்களையே கண்ணாடி பார்க்க வைத்த விளம்பரம் அது. "இது கலை" என்பார்.

ரேசரைக் கையில் வாங்கிப் பார்த்தால் அவர் கட்சியில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஜெம் மைக்ரோமேட்டிக் என்று ஒன்று. முழுக்கப் பித்தளை, மேலே முலாம். பிடியின் அடியில் உள்ள திருகைத் திருப்பினால் தலை வாயைத் திறக்கிறது. பிளேடை வைத்துத் திருகினால் 'சடக்'கென்று மூடிக்கொள்கிறது. எண்பது வருஷம் ஆகியும் கெட்டுப்போவதற்கு அதில் ஒன்றும் இல்லை. சாதாரண இருபக்க பிளேடு 0.1 மில்லிமீட்டர் கனம்; ஜெம் பிளேடு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல், முதுகில் மடித்த தகடு வேறு. கனத்த பிளேடு வளையாது. முடியை அறுக்கும்போது 'கர்ர், கர்ர்' என்று சத்தம் மட்டும் பலமாகக் கேட்கும். ரேசர் பாடுகிறது என்பார்கள் ரசிகர்கள். குளியலறைக் கதவுக்கு வெளியே காத்திருக்கும் மனைவி அதைப் பாட்டு என்று ஒப்புக்கொண்டதாகத் தகவல் இல்லை.

இன்னொரு நியாயமும் சொல்லியாக வேண்டும். சுருள்முடிக்காரர்களுக்கு, முக்கியமாகக் கறுப்பின ஆண்களுக்கு, பல பிளேடு ரேசர் பெரிய உபத்திரவம். அது முடியைத் தோலுக்குக் கீழே வரை அறுத்துவிட, முளைக்கும் முடி தோலுக்குள்ளேயே சுருண்டு கட்டியாகிறது. ஒற்றை பிளேடுக்கு மாறிப் பாருங்கள் என்று அவர்களுக்குத் தோல் மருத்துவர்களே சொல்வதுண்டு. நம் ஆளுக்கு இந்தத் தொல்லை கிடையாது, அவருடையது கோரைமுடி. வாதத்துக்கு மட்டும் இதைக் கடன் வாங்கிக்கொள்வார்.

ரேசர் கிடைத்தாலும் பிளேடு கிடைக்க வேண்டுமே? ஹார்டுவேர் கடைகளில் அதே வடிவ பிளேடு நூறு நூறாகக் கிடைக்கிறது. ஆனால் அது ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய பெயின்டைச் சுரண்டுவதற்கு. அதை முகத்தில் வைத்தவர்கள் இரண்டாம் முறை வைப்பதில்லை. முகத்துக்கு உகந்த, வழுக்குப் பூச்சு போட்ட பிளேடு எங்கே கிடைக்கிறது என்றால், எலெக்ட்ரான் நுண்ணோக்கி ஆய்வகங்களுக்குச் சாமான் விற்கும் ஒரு கலிபோர்னியக் கம்பெனியில். விஞ்ஞானிகள் மாதிரிகளை நறுக்க வாங்குவதை, இவர் தாடையை வழிக்க வாங்குகிறார். ஆய்வக முத்திரை போட்ட பெட்டி வீட்டு வாசலில் இறங்குவதைப் பார்த்துவிட்டு, எதிர்வீட்டுக்காரர்கள் குழந்தைகளை அந்தப் பக்கம் விளையாட விடுவதில்லை.

இனி இன்ஜெக்டர். பக்தியின் உச்சம் இதுதான். ஜேக்கப் ஷிக் என்ற ராணுவ அதிகாரி, துப்பாக்கியில் குண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறுவதைப் பார்த்து, பிளேடும் அப்படி ஏறினால் என்ன என்று யோசித்தார். 1926இல் அந்த ரேசர் கடைக்கு வந்தது. பின்னால் பிளேடுகளைத் தனியாக ஒரு தட்டைத் தகர டப்பியில் அடைத்துக் கொடுத்தார்கள். டப்பியின் முனையை ரேசர் தலையில் செருகி ஒரு தள்ளு. புது பிளேடு உள்ளே, பழையது மறுபக்கம் வெளியே. விரலால் கூரைத் தொடவே வேண்டியதில்லை. விருந்துக்கு வந்தவர்கள் சாப்பாட்டை முடிப்பதற்குள் நம் ஆள் இதைச் செய்து காட்டுவார். "பார்த்தீர்களா?" என்பார். பார்த்தோம் என்பார்கள். சரியாகப் பார்க்கவில்லை என்று மறுபடி தள்ளுவார். டப்பியில் ஏழு இருந்தால் ஏழும் மேசைவிரிப்பில் வந்து விழுந்த பிறகுதான் இனிப்புப் பரிமாற முடியும்.

இனிப்போடு ஷிக்கின் வாழ்க்கை வரலாறும் வரும். தினமும் முறையாகச் சவரம் செய்துகொண்டால் மனிதன் 120 வயது வரை வாழலாம் என்று அந்த மனிதர் நம்பினாராம். விருந்தாளிகளில் யாராவது ஒரு புண்ணியவான், "அவர் எத்தனை வயது வரை இருந்தார்?" என்று கேட்பார். 1877இல் பிறந்து 1937இல் போனார், அறுபது முடியவில்லை. நம் ஆள் அசையமாட்டார். "கடைசிக் காலத்தில் மின்சார ஷேவர் கண்டுபிடித்து விற்கப் போனாரே, அதுதான் காரணம்" என்பார். ஷிக் இன்ஜெக்டர் தொழிலை விற்றுவிட்டு 1931 முதல் மின்சார ஷேவர் விற்றது நிஜம். மற்றது பக்தி.

காலைப் பூஜை ஐம்பது நிமிடம். பேட்ஜர் மயிர் பிரஷ் வெந்நீரில் ஊறும். பன்றிமயிர், குதிரைமயிர் பிரஷ்களும் உண்டு. குதிரைமயிரை எடுக்கும் நாளில், முதல் உலகப் போர்க் காலத்து மலிவு பிரஷ்களில் ஆந்த்ராக்ஸ் தொற்றி ஆட்கள் செத்த கதையைச் சொல்லாமல் எடுக்கமாட்டார். கிண்ணத்தில் சோப்பு நுரைக்கும். நுரை தயிர்ப் பதம் வர வேண்டும். சோப்பு விளம்பரத்தில் வருவதுபோல் பொங்கி நின்றால் அது காற்று, நுரை அல்ல. பிறகு முடி வளரும் போக்கில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை, எதிர்த்து ஒருமுறை. ஒவ்வொரு முறைக்கும் புது நுரை. கடைசியில் படிகாரக் கட்டி. நம் ஊர் சலூனில் கேட்காமலே தேய்த்துவிடுவார்களே, அதேதான். இவர் அதை வெல்வெட் பையில் வைத்திருக்கிறார். எரிச்சல் எங்கே எவ்வளவு என்று குறிப்பேட்டில் எழுதுவார். குழந்தையின் பிட்டம்போல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து மதிப்பெண் போடுவார். அதுதான் அந்த வட்டாரத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுகோல். நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

பணம் மிச்சம் பிடிக்கத்தான் இதில் இறங்கினேன் என்று இன்றைக்கும் சொல்கிறார். கணக்கும் வைத்திருக்கிறார். அதன்படி, இனிமேல் ஒன்றும் வாங்காமல் இருந்தால் எண்பத்துநான்காவது வயதில் முதல் திரும்பிவிடும். போன வாரம் பேக்கலைட் பிடி போட்ட ஷிக் ஒன்று வந்தது. கணக்கைத் திருத்தவில்லை.

ஆனால் அவருடைய நிஜமான கஷ்டம் பணம் அல்ல, தாடி. அலமாரியில் நாற்பது ரேசர். முகத்தில் முடி முளைப்பதோ நாளைக்கு ஒரு முறை. ஒரு ரேசருக்கு முறை வருவதற்குள் ஒரு மண்டலம் ஆகிவிடுகிறது. புதிதாக ஒன்று வந்தால் வரிசை முழுவதும் ஒருநாள் பின்னால் தள்ளிப்போகிறது. சனி, ஞாயிறு சவரம் செய்யாமல் வளர்த்து வைத்து, திங்கள்கிழமை இரண்டு ரேசர்களுக்குப் பங்கிட்டுப் பார்த்தார்: இடக்கன்னம் ஜெம்முக்கு, வலக்கன்னம் ஷிக்குக்கு. அலுவலகத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இதில் அவருக்கு வருத்தம்.

அவர் மகனுக்கு இருபத்தாறு வயது. மார்பு வரை தாடி. ஆற்றுப் பாசனம் உள்ள நிலத்தை உழாமல் போட்டிருப்பவனைக் காணியில்லாத விவசாயி பார்ப்பது போல, சாப்பாட்டு மேசையில் மகன் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். "கழுத்துப் பக்கமாவது..." என்று ஒருநாள் ஆரம்பித்தார். மகன் எழுந்து போய்விட்டான்.

இப்படி வீட்டில் மதிப்பில்லாமல் இருந்தவருக்கும் ஒருநாள் வெளியிலிருந்து அழைப்பு வந்தது. அமெரிக்காவின் பழைய வீடுகளில், குளியலறைச் சுவரில் பதித்த மருந்து அலமாரியின் முதுகில் ஒரு சின்னப் பிளவு இருக்கும். தேய்ந்த பிளேடை அதற்குள் போட்டால் சுவருக்குள் விழுந்துவிடும். நிறைந்தால் என்ன செய்வது என்று கட்டியவர்கள் கவலைப்படவில்லை; அது அடுத்த தலைமுறையின் பாடு. அடுத்த தெரு வீடு ஒன்றில் குளியலறையைப் புதுப்பிக்கச் சுவரை இடித்தார்கள். கடப்பாரை பட்ட இடத்திலிருந்து துருவேறிய பிளேடுகள் கொட்ட ஆரம்பித்தன. வேலையாட்கள் எகிறி ஓடினார்கள். வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்து, நம் ஆளுக்குப் போன் செய்தார்.

தோல் கையுறை, ஒரு காந்தம், மூன்று பிஸ்கெட் டப்பா சகிதம் பத்து நிமிடத்தில் வந்து சேர்ந்தார். யாரையும் கிட்டே விடவில்லை. மண்டியிட்டு, காந்தத்தால் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து டப்பாவில் போட்டார். முதல் டப்பா நிறைந்தது. எல்லாம் இருபக்கக் கூர். இரண்டாவதும் அப்படியே. துக்க வீட்டில் பேசுகிற குரலில், "எத்தனை வருஷம், எத்தனை வருஷம் ஜில்லெட்" என்றார். வீட்டுக்காரர் என்ன சொல்வதென்று தெரியாமல் மன்னிப்புக் கேட்டார். அடியில் கிடந்த குவியலில் காந்தம் நீளமான, ஒல்லியான ஒரு தகட்டைப் பிடித்துக்கொண்டு வந்தது. துருவைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். இன்ஜெக்டர் பிளேடு. ஒன்றே ஒன்று.

முகம் மலர எழுந்து நின்று வீட்டுக்காரரின் தோளைத் தட்டினார். "கவலைப்படாதீர்கள். இந்த வீட்டிலும் ஒரு நல்ல மனிதர் வந்து தங்கியிருக்கிறார்."