நாற்பது சதவீதக் கருணை

ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் மூளையிலோ இதயத்திலோ கோளாறு என்று ரிப்போர்ட் வந்துவிட்டதா? கவலை வேண்டாம். அரை மணி நேரத்தில் உங்கள் வீட்டுக் கூடத்திலேயே ஓர் உயர்நீதிமன்றம் கூடிவிடும். ரிப்போர்ட்டைத் தலைகீழாகப் பிடித்திருக்கும் சித்தப்பாதான் தலைமை நீதிபதி. "உசிரு சாமி குடுத்தது, அதுல கை வைக்க நாம யாரு?" என்பார். எதிர்த்தரப்பில் அத்தை: "வெளிய தெரிஞ்சா உன் நாத்தனாளை எவன் கட்டுவான்? சத்தமில்லாம கலைச்சிட்டு வந்துரு." சுவரோரம் ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே ஒருத்தி, அவள் இந்த வழக்கில் கட்சிக்காரி அல்ல. சாட்சிப் பொருள்.

குறுக்கு விசாரணை அவளுக்கு மட்டும் உண்டு. கிரகணத்தன்று காய் நறுக்கினாயா? விளக்கு வைத்த பிறகு வெளியே போனாயா? அவளைத் தாய்மாமனுக்கே கட்டிவைத்தது யார் என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்தால் சில பரம்பரை நோய்கள் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று டாக்டர்கள் தொண்டை வறளச் சொன்னபோது, நாலு ஏக்கர் வெளியே போய்விடக் கூடாதே என்று முகூர்த்தம் குறித்தவர்கள்தானே இன்றைக்கு நீதிபதிகள்!

உயிரின் புனிதம் பற்றி நமக்குப் பிறர் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பெண் சிசுவுக்குக் கள்ளிப்பால் புகட்டாதீர்கள், வேண்டாமென்றால் இதில் போட்டுவிட்டுப் போங்கள் என்று 1992இல் சேலத்தில் அரசே தொட்டில் வைக்க வேண்டி வந்த மாநிலம் இது.

சட்டத்தின் அழகு தனி. 1971இல் கருக்கலைப்புச் சட்டம் 20 வாரத்தில் கோடு போட்டது. பின்னால் ஸ்கேன் வந்தது. குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேனை எடுப்பதே 18, 20 வாரத்தில்தான். சந்தேகம் வந்தால் பனிக்குட நீரை எடுத்து அனுப்ப வேண்டும். முழு ரிப்போர்ட் வர இரண்டு மூன்று வாரம் ஆகும். கடையைப் பூட்டிவிட்டு டோக்கன் கொடுக்கும் ரேஷன் கடை மாதிரி இருந்த இந்த ஏற்பாட்டை 2021 வரை யாரும் தொடவில்லை. 2008இல், வயிற்றுப் பிள்ளையின் இதயத் துடிப்பில் கடுமையான கோளாறு என்று 24 வாரத்தில் தெரிந்து, மும்பைப் பெண் ஒருவர் கோர்ட் படியேறினார். பம்பாய் உயர்நீதிமன்றம் மறுத்தது. சில நாட்களில் கரு தானாகவே கலைந்துபோனது. 2017இல் டவுன் சிண்ட்ரோம், 26 வாரம்; உச்ச நீதிமன்றமும் மறுத்தது. பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஏது, தாய் தகப்பனுக்குப் பிறகு ஆள் ஏது என்பதெல்லாம் கனம் கோர்ட்டாரின் அதிகார வரம்புக்குள் வராது போலும்.

2021இல் சட்டம் திருந்தியது. குறைபாடு 'கணிசமானது' என்று மருத்துவ போர்டு சொன்னால் இனி வாரக் கணக்கே கிடையாது. கணிசம் என்றால் எவ்வளவு? அதைச் சட்டம் சொல்லவில்லை. போர்டு பார்த்துச் சொல்லும். 2022 டிசம்பரில் டெல்லியில் 33 வாரக் கர்ப்பிணிக்குப் போர்டு கைவிரித்தது. உயர்நீதிமன்றம் குறுக்கே வந்து, கடைசி முடிவு தாயுடையது என்றது. இந்த ஒரு வரியைக் கேட்க அவர் எட்டு மாத வயிற்றோடு கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

சரி, போர்டு மறுத்துவிட்டது, பிள்ளையும் பிறந்துவிட்டது என்று வையுங்கள். இப்போது இன்னொரு போர்டு. 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊனம் 40 சதவீதத்தைத் தொட்டால்தான் பெரும்பாலான சலுகைகள். வயிற்றில் இருந்தபோது "இது சமாளிக்கக்கூடிய குறைதான்" என்ற அரசாங்கம், இடுப்பில் தூக்கிக்கொண்டு போனால் "38தான் வருதும்மா" என்று சொல்லும். கடும் பாதிப்பு என்று அட்டை கிடைத்துவிட்டால் தமிழ்நாட்டில் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவி. பிசியோதெரபிக்குப் போய்வரும் ஆட்டோவுக்கே அது காணாது. உயிர் விலைமதிப்பற்றது என்று சொன்னவர்கள் போட்ட விலை அது.

ஆகவே அரசுக்கு ஒரு யோசனை. தாலுகாவுக்கு ஒரு கருத்துப் பதிவேடு திறக்கலாம். 'பெத்துக்கோ' என்று சொல்லும் எவரும் பெயர், ஆதார் எண், எந்தெந்த ராத்திரி தோதுப்படும் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். பிள்ளைக்கு வலிப்பு வந்தால் இரண்டு மணிக்கு வண்டி எடுப்பது அவர் பொறுப்பு. 'கலைச்சிடு' என்பவருக்கும் பக்கம் உண்டு. ஆறாம் மாதத்துக்கு மேல் என்றால் கருவின் இதயத்தில் ஊசி போட்டு நிறுத்திவிட்டு, பிறகு அவள் வலியெடுத்துப் பிரசவிக்கத்தான் வேண்டும். பக்கத்துக் கட்டிலில் ஒரு குழந்தை வீறிடும். மூன்றாம் நாள் பால் கட்டும். அத்தனை நாளும் வார்டு வாசலில் அவர் நிற்க வேண்டும். பதிவேடு வருஷக் கடைசியிலும் புது மெருகு கலையாமல் இருக்கும் என்பதற்கு நான் உத்தரவாதம். சித்தப்பாவுக்கு சுகர். அத்தைக்கு முட்டிவலி.

மாற்றுத்திறனாளிகள் கேட்கும் கேள்வி வேறு: எங்களைப் போன்றவர்களுக்கு மட்டும் கால வரம்பே இல்லாமல் கதவைத் திறந்துவைத்திருக்கிறீர்களே, எங்கள் உயிர் அவ்வளவு மட்டமா? நியாயமான கேள்வி. சாய்தளம் இல்லாத பள்ளியிடமும், சேர்க்க மறுக்கும் தலைமையாசிரியரிடமும், சட்டசபையிடமும் கேட்க வேண்டியது. ஸ்கேன் கவரோடு உட்கார்ந்திருப்பவளிடம் அல்ல. தெரிந்தே பெற்று வளர்ப்பவளையும் இந்த ஊர் சும்மா விடுவதில்லை. "ஸ்கேன்லயே தெரிஞ்சும் ஏம்மா பெத்தே?" என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி கேட்பாள்.

2021 கருக்கலைப்பு விதிகளின்படி, விண்ணப்பம் கிடைத்த மூன்று நாளுக்குள் போர்டு முடிவு சொல்லியாக வேண்டும். அவளிடம் ஏதாவது சொல்லாவிட்டால் உங்களுக்குத் தலை வெடித்துவிடும் என்றால் இதைச் சொல்லுங்கள். கேட்டால் மனு எழுதிக் கொடுங்கள், கூடப் போய் வரிசையில் நில்லுங்கள். மற்றபடி தயவுசெய்து வாயை மூடிக்கொண்டிருங்கள்.