கவிஞர் நக்கிய விஷம்

1793-ல் தெற்கு ஜெர்மனியின் வில்ட்பாட் என்ற ஊரில் 13 பேர் ஒரு பன்றி இரைப்பையைப் பங்குபோட்டுச் சாப்பிட்டார்கள். உள்ளே ரத்தத்தை அடைத்து, வெந்தும் வேகாமலும் இறக்கிய சாஸேஜ். ஆறு பேர் செத்தார்கள். அன்று அவர்களைக் கொன்ற அதே சரக்கைத்தான் இன்று, தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களின் தாடையில் ஊசியாகப் போடுகிறார்கள். இடையில் இரண்டு நூற்றாண்டு ஓடியிருக்கிறது. அந்த இரண்டு நூற்றாண்டையும் டாக்டர்களைவிட அதிகமாக நகர்த்தியது சாப்பாட்டு ராமன்கள்தான்.

அடுத்து நெப்போலியன் வந்துபோன புண்ணியத்தில், அந்த ஊர் இருந்த வூர்ட்டம்பெர்க் நாடே வறுமையில் கிடந்தது. நாறிய சாஸேஜையும் எறிய மனம் வராமல் தின்று, கண் இமை தொங்கி, வாய் உலர்ந்து, மூச்சு நின்று ஜனங்கள் வரிசையாகப் போய்ச் சேர்ந்தார்கள். இதை விசாரிக்கக் கிளம்பியவர் யுஸ்டினுஸ் கெர்னர். தொழில் அரசு வைத்தியம், உபதொழில் கவிதை, பொழுதுபோக்கு பேய் ஆராய்ச்சி. பின்னாளில் ஆவிகளோடு பேசும் ஒரு பெண்ணை வீட்டிலேயே தங்கவைத்துக் குறிப்பெடுத்த மனிதர். பூனை, முயல், தவளை, நத்தை என்று அகப்பட்டதற்கெல்லாம் சாஸேஜ் சாற்றைப் புகட்டினார். அதோடு நிறுத்தினாரா? தானும் சில சொட்டு நக்கிப் பார்த்து, புளிப்பு என்று எழுதிவைத்தார். கவிஞர்களைச் சமையலறையில் தனியாக விடக்கூடாது.

1822-ல் 155 நோயாளிகளின் கதையோடு புத்தகம் வந்தது. கொழுப்பு கெட்டுத்தான் விஷமாகிறது என்று அதில் சாதித்தார், தப்பு. இதையே துளியூண்டு கொடுத்தால் அடங்காமல் துள்ளும் நரம்புகளை அடக்கலாம் என்றும் எழுதினார், அது சரி. இந்தச் சரியான பாதியைப் புரிந்துகொள்ள உலகத்துக்கு நூற்றைம்பது வருஷம் பிடித்தது.

அடுத்த காட்சி 1895, பெல்ஜியத்தின் எல்லெஸெல் கிராமம், ஒரு சாவு வீடு. வாசித்துக் களைத்த பேண்டு கோஷ்டிக்கு உப்பில் ஊறிய பன்றித்தொடை பரிமாறினார்கள். 87 வயதில் நிறைவாகப் போன பெரியவர், துணைக்கு மூன்று வாத்தியக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போனார். மிச்ச இறைச்சியைக் கொண்டுபோய்க் குடைந்த பேராசிரியர் வான் எர்மெங்கெம், குற்றவாளி ஒரு பாக்டீரியா என்று கண்டுபிடித்தார்.

பிறகு ராணுவம் மூக்கை நுழைத்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா அந்தப் பாக்டீரியாவின் விஷத்தை ஆயுதமாக்க நினைத்து, 1946-ல் சுத்தமான படிகமாகவே எடுத்துவிட்டது. கொல்லச் செய்தது கடைசியில் ஆலன் ஸ்காட் என்ற சான்பிரான்சிஸ்கோ கண் டாக்டரிடம் வந்தது. அவர் மாறுகண்ணைத் திருத்தக் குரங்குகளுக்குப் போட்டுப் பார்த்து, மனிதர்களுக்கும் போட்டார். 1989-ல் அரசு அனுமதி, பிறகு ஒரு கம்பெனி, பிறகு போடாக்ஸ் என்ற பெயர். நெற்றிச் சுருக்கம் மறைந்த கதையை நடிகைகளின் முகங்களே சொல்லும், நான் எதற்கு?

பல்லுக்கு வருவோம். 1907-ல் பிரெஞ்சுக்காரர்கள் பல் கடிப்பதைப் பித்து வகையில் சேர்த்துப் பெயர் வைத்திருந்தார்கள். பல் டாக்டர்கள் பிளாஸ்டிக் கவசம் மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு காலம் தள்ளச் சொன்னார்கள். 1990-ல், மறுபடியும் பெல்ஜியத்தில்தான், மூளையில் அடிபட்டுப் பற்களை அரைத்துத் தள்ளிய ஒருவரின் மெல்லும் தசையில் இரண்டு டாக்டர்கள் இந்த ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். பேண்டுக்காரர்களுக்கு நஷ்ட ஈடு இப்படியாவது வந்தது.

2000-ல் ஹூஸ்டனில் 18 பேரைப் பற்றிய ஆய்வு வெளியானது. சராசரியாக 19 வாரம் நிம்மதி. ஊசி மூளையைத் தொடுவதில்லை. ‘கடி’ என்ற உத்தரவு நரம்பு நுனி வரை வரும். அங்கே அசிட்டைல்கோலின் வெளிவராது, தந்தி ஆபீஸில் சேவகன் லீவு போட்ட மாதிரி. ஆகவே கடி பெரும்பாலும் நிற்பதில்லை, அதன் வலுதான் குறைகிறது. சில மாதத்தில் நரம்பு தேறிவிடும், பர்ஸ் மறுபடி திறக்கும். அமெரிக்க அரசின் ஒப்புதல் பட்டியலில் பல் கடிப்பதற்கு இன்னும் இடமில்லை. டாக்டர்கள் தங்கள் பொறுப்பில் போடுகிறார்கள்.

வேலை குறைந்த தசை மெலியும், சதுரத் தாடை ஒடுங்கும். பல் வைத்தியத்துக்கு இது பக்கவிளைவு. தென்கொரியாவில் பல் ஒழுங்காக இருப்பவர்களும் இந்தப் பக்கவிளைவுக்காகவே காசு கொடுத்துக் குத்திக்கொள்கிறார்கள்.