மைக் யார் கையில்?

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நாங்கள் சொல்வதை உண்மையிலேயே கேட்பார்களா? – வாசகர், திண்டிவனம்

கேட்பார்கள். "மைக் வேலை செய்கிறதா?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

ஒரு மலையை என்ன செய்வது என்று அங்கே வசிக்கிறவர்களிடம் கேட்டால் காரியம் நடக்குமா சார்? – வாசகர், கோவை

நடந்திருக்கிறதே! ஒடிசாவின் நியமகிரியில் பாக்சைட் சுரங்கம் வந்தால் தங்கள் வழிபாட்டு உரிமை பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே சொல்லட்டும் என்றது உச்ச நீதிமன்றம், 2013 ஏப்ரலில். மாநில அரசு தேர்ந்தெடுத்தது 12 கிராமங்களை மட்டும். பன்னிரண்டும் 'வேண்டாம்' என்றன. நீதிபதி முன்னிலையில் நடந்ததால், "யாரோ தூண்டிவிட்டார்கள்" என்று சொல்லவும் வழியில்லாமல் போய்விட்டது, பாவம்!

ஏரிக்கும் நிலத்தில் பங்கு உண்டுதானே? அதனிடம் யார் கருத்துக் கேட்பது? – வாசகி, வேளச்சேரி

கேட்கவே வேண்டாம். டிசம்பரில் அதுவே வீடு தேடி வந்து சொல்லிவிடும்.

எங்கள் நிலத்தை எடுக்க எங்கள் சம்மதம் வேண்டுமா, வேண்டாமா? – வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

எடுப்பது யார் என்பதைப் பொறுத்தது. 2013 நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி, தனியாருக்கு என்றால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும். அரசும் தனியாரும் கூட்டு என்றால் 70. அரசே தனக்காக எடுத்தால்? சம்மதம் தேவையில்லை. சொந்தக்காரர் ஆயிற்றே, கேட்டுக்கொண்டா எடுப்பார்!

உங்கள் ஊருக்கு இன்னொன்றும் உண்டு. தொழிற்பேட்டைகளுக்கு நிலம் எடுக்கத் தமிழ்நாடு '1997-ஆம் ஆண்டுச் சட்டம்' என்று தனியே ஒன்று வைத்திருக்கிறது. அதில் சம்மதம் என்ற பேச்சே கிடையாது. கேட்டால்தானே மறுப்பீர்கள்?