காம்பரா உலைக்கு ஒரு நற்சான்று

தோட்டத்துக்கு ஒருவர் போதும். கேகாலை, இரத்தினபுரிச் சரிவுகளில் வீட்டுக்குள்ளேயே ஈயம் காய்ச்சத் தெரிந்த அண்ணன்மாரைத்தான் சொல்கிறேன். களனி கங்கையில் வீசுகிற வலைக்குக் குண்டு வேண்டுமா, செத்துப்போன பற்றரியை உடைத்துக் கட்டியாக்கிப் பழைய இரும்புக்காரரிடம் தள்ள வேண்டுமா, எல்லாம் அவர் கைவசம். லயத்துக்கு மின்சாரம் வராத காலத்தில் கார் பற்றரி வைத்துத் தொலைக்காட்சி பார்த்த வீடுகள் இவை. அந்தப் பற்றரிகளெல்லாம் பிறகு எங்கே போயின என்று கம்பனியோ கச்சேரியோ தலையைச் சொறிந்துகொள்ளத் தேவை இருந்ததா? அண்ணன் பார்த்துக்கொண்டார்.

அவருடைய மேதைமை முழுவதும் அடுப்பைத் தேர்ந்தெடுப்பதில் வெளிப்படும். முதலில் மண்ணெண்ணெய் அடுப்பு. மெல்லிய கால்கள், மேலே ஒரு தகரத் தட்டு. செய்தவன் ஒரு குடும்பத்துச் சோற்றுப் பானையை மனதில் வைத்துத்தான் செய்தான். அவனுக்குத் தூரதிருஷ்டி இல்லை. ஒரு லீற்றர் தண்ணீர் 1 கிலோ. அதே அளவு ஈயம் ஏறத்தாழ 11 கிலோ. மூன்று லீற்றர்ச் சட்டியை நிரப்பி அந்தத் தட்டில் ஏற்றி வைக்கிற நெஞ்சுரம் எல்லோருக்கும் வாய்க்காது. அடுப்பு சாய்ந்தால்தான் என்ன? எண்ணெயும் நெருப்பும் உருகிய ஈயமும் ஒரே திசையில் ஓடும். மூன்றையும் தனித்தனியே துரத்துகிற சிரமம் இல்லை.

காஸ் அடுப்புக்காரர் இன்னும் ஒரு படி மேல். 2021 கடைசியில் நாடெங்கும் காஸ் அடுப்புகளும் சிலிண்டர்களும் வெடித்தபோது, காரணம் தேட ஜனாதிபதி ஒரு குழுவே நியமித்தார். நம்மவர் குழுவுக்காகக் காத்திருக்கவில்லை. முட்டை பொரிக்கச் செய்த கம்பிக் காலின்மேல் ஈயச் சட்டி, சட்டிக்கு நேர் கீழே றப்பர்க் குழாய் என்று சோதனையைத் தன் வீட்டிலேயே தொடர்ந்தார். 2022 இல் காஸும் இல்லாமல் மண்ணெண்ணெயும் இல்லாமல் நாடு வரிசையில் நின்றது. அப்போதும் அவர் கலங்கவில்லை. மூலையில் விறகடுப்பு இருந்தது.

விறகடுப்பைப் பற்றி நிதானமாகத்தான் சொல்ல வேண்டும். உறுதியில் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. மண்ணும் கல்லும் சாயாது, வளையாது. றப்பர் விறகு இந்தப் பக்கம் தாராளமாகக் கிடைக்கும். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை உலர்த்துகிற நெருப்பே அதில்தான் எரிகிறது என்றால் தரத்துக்கு வேறு சாட்சி வேண்டாம். ஈயம் உருக 327 பாகை போதும். 500 பாகையை நெருங்கினால் கண்ணுக்குத் தெரியாத ஈய ஆவி கிளம்பத் தொடங்கும் என்று பயந்தவர்கள் சொல்வார்கள். நன்றாகப் பிடித்த றப்பர் விறகு அந்த எல்லையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டும். குறைக்கத் திருகு இல்லை, பார்க்க வெப்பமானி இல்லை. அண்ணன் ஊதுகுழலை எடுத்து, முகத்தைச் சட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஊதுவார். ஊதி முடித்து மூச்சை இழுப்பார். அந்த மூச்சில் எவ்வளவு போனது என்று கணக்குப் பார்க்கிற சின்னப் புத்தி அவருக்குக் கிடையாது.

சட்டியும் அப்படியே, பழைய அலுமினியச் சட்டி. அலுமினியம் உருக 660 பாகை வேண்டும், ஈயத்துக்கு அதில் பாதிதான், ஆகவே பயமில்லை என்பது அவர் கணக்கு. உருகுவதற்கு வெகு முன்பே அலுமினியம் தளர்ந்துபோகும் என்பதைச் சட்டியே ஒருநாள் சொல்லும். அதுவரை இரும்புத் தாச்சிக்குக் காசு மிச்சம்.

பற்றரித் தகட்டில்தான் அவருடைய சிக்கனம் உச்சிக்கு ஏறுகிறது. தகட்டின் சட்டம் உலோகம்; அது உருகும். சட்டத்தில் அப்பியிருக்கும் பசை ஈய சல்பேற்றும் ஒட்சைட்டும். தகட்டிலுள்ள ஈயத்தில் பாதிக்குமேல் அந்தப் பசையில் இருக்கிறது, அது வீட்டு அடுப்புக்கு மசியாது. சாம்பல் நிறத் தூளாகப் பொரிந்து மேலே மிதக்கும். அதை அகப்பையால் வழித்து மரக்கறித் தோட்டத்து ஓரத்தில் கொட்டுவார். அமிலம் கானுக்குப் போகும். கான் கீழே எந்தப் பீலிக்குப் போகிறது என்பது கீழ் லயத்துக்காரர்களின் பாடு. இப்படிப் பாதியை விற்று, மீதியைக் கீரைப் பாத்திக்கு உரமாகப் போடுகிற வியாபாரி கொழும்பில்கூடக் கிடைக்கமாட்டார்.

இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. லயத்துத் தகரம் ஒழுகும், மூலையில் அடுக்கி வைத்த ஈயத் துண்டுகள் ஈரமாகவே இருக்கும். ஈரத் துண்டு ஒன்று கொதிக்கிற ஈயத்துக்குள் மூழ்கினால், அதோடு போன தண்ணீர் ஒரு நொடியில் ஆயிரத்துச் சொச்சம் மடங்கு ஆவியாக விரிந்து சட்டியையே கூரைக்கு அனுப்பும். கூரை ஒழுகுவதைப் பற்றி நிர்வாகத்துக்கு எழுதிய கடிதங்களுக்குக் கிடைக்காத கவனம் அன்றைக்காவது கூரைக்குக் கிடைக்கும்.

நிர்வாகத்தையும் பாராட்டாமல் விடுவது நன்றிகெட்டதனம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு. வெள்ளைக்காரத் துரை காலத்து அளவு. 1970களில் தோட்டம் அரசுக்குப் போனது, 1992 இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது, அளவு மட்டும் பல இடங்களில் மாறவில்லை. இந்த அளவின் அருமை ஈயம் காய்ச்சும்போதுதான் விளங்கும். புகை வெளியே போய் வீணாகாது. அடுப்பிலிருந்து தொட்டிலுக்கு நாலடி. தூள் தரையில் படியும், தவழ்கிற பிள்ளை அதே தரையில் கையை ஊன்றி, பிறகு விரலை வாயில் வைக்கும். உலைக்கும் வயிற்றுக்கும் இடையில் இவ்வளவு குறுகிய பாதையை எந்தப் பொறியியலாளரும் வரைந்து கொடுத்திருக்கமாட்டார்.

பிள்ளைகளும் ஒத்துழைக்கிறார்கள். உள்ளே போன ஈயத்தை அவர்கள் உடம்பு பெரியவர்களைப்போல் நாலைந்து மடங்கு உறிஞ்சும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்றும் சொல்கிறது. இரும்புச்சத்துக் குறைந்த உடம்பானால் இன்னும் ஆவலாக ஏற்கும், தோட்டத்தில் அந்தக் குறைக்குக் குறைவில்லை. ஏற்றது எலும்பில் போய் உட்கார்ந்து பத்து, இருபது வருடம் இருக்கும். பிற்பாடு அந்தப் பெண்பிள்ளை கருவுறும்போது எலும்பிலிருந்து இறங்கி வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். பேரப்பிள்ளைக்குச் சொத்து வைக்க வழியில்லை என்று இனி யாரும் புலம்ப வேண்டாம். வாந்தி, வயிற்றுவலி, படிப்பு ஏறாமை என்று அது வெளியே வரும்போது பூச்சி மருந்து கொடுப்பார்கள், பள்ளிக்கூடத்தில் மக்கு என்பார்கள். அடுப்பின் பெயர் எங்கும் அடிபடாது. புகழுக்கு ஆசைப்படாத அடுப்பு.

செனகல் நாட்டில், டாக்கார் நகரத்தை ஒட்டிய தியாரோயி சூர் மேர் என்ற இடத்தில் இதே கைத்தொழில் அமோகமாக நடந்தது. பற்றரி ஈயத்துக்கு விலை ஏறியது, சனங்கள் ஈயம் கலந்த மண்ணைச் சாக்கில் அள்ளி வீட்டுக்குள் கொண்டுவந்து சலித்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 சிறு பிள்ளைகள் செத்தார்கள்.  ரோமாபுரியின் கட்டடக்காரர் விற்றுருவியஸ் ஈராயிரம் வருடத்துக்கு முன்பே ஈய வேலைக்காரர்களின் முகம் வெளுத்திருப்பதைப் பார்த்து, தண்ணீருக்கு மண்குழாயே நல்லது என்று எழுதிவைத்தார். பழைய காலத்து மனிதர், எதற்கும் தயங்குவார்.

தயங்குகிறவர்கள் இன்றும் உண்டு. பற்றரியை உடைக்காமல் முழுசாகவே விற்றுவிடுவார்கள். வலைக்குண்டு வார்ப்பதென்றால் பிள்ளைகளும் சமையலும் இல்லாத வெட்டவெளிக்குப் போவார்கள். அகலமான அடியுள்ள, சூட்டைக் குறைக்கிற திருகுள்ள மின்னடுப்பு, சமையலுக்கு இனித் தொடாத கனத்த இரும்புத் தாச்சி, வெப்பமானி, தோல் கையுறை. காற்று முதுகுப் பக்கமிருந்து வீச நிற்பார்கள், வேலை முடிந்ததும் உடுப்பை மாற்றிக் குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குவார்கள். ஒரு பிடி ஈயத்துக்கு இத்தனை சடங்கு! சட்டமும் இந்தக் கோழைகளின் பக்கம்தான்: பழைய பற்றரி ஆபத்தான கழிவு, அதைக் கையாள மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்கிறது. அனுமதிப்பத்திரம் கேட்டு மலையேறி லயத்துக்கு வரும் அதிகாரியைத்தான் காணோம். அவருடைய நாகரிகம் அது, அடுத்தவர் அடுப்படிக்குள் எட்டிப்பார்க்கமாட்டார்.

இரத்தினபுரி நகரத்து இரத்தினக்கல் சுடுகிறவர்தான் எல்லோரையும்விட மோசம். பாலாடைபோல் மங்கிக் கிடக்கும் கெவுடாக் கல்லை நீலமாக்க லக்மினி உலை, 1,600 பாகைக்குமேல் சூடு. அதற்கென்று தனி இடம், பக்கத்தில் யாரையும் விடமாட்டார். சூட்டை ஏற்றுவதிலும் இறக்குவதிலும் அவ்வளவு கவனம், அவசரப்பட்டால் கல் வெடித்துவிடுமாம். நகக்கண் அளவுக் கல்லுக்கு இவ்வளவு பதறுகிற மனிதருக்கு, தொட்டில் ஆடுகிற காம்பராவுக்குள் நாலு ஊது ஊதி வேலையை முடிக்கிற அண்ணனிடம் ஒருநாள் பயிற்சி கொடுக்கலாம்.