தொடாமலே துப்பறிவோம்!

நாலு நூற்றாண்டுப் பழைய ஓவியம் ஒன்று ஆய்வுக்கு வந்திருக்கிறதா? கவலையே வேண்டாம். நீங்கள் வழக்கமாகச் செய்வதைத்தான் கொஞ்சம் வரிசைப்படுத்தித் தருகிறேன்.

1. முதலில் முடிவை எழுதுங்கள். "மறைந்திருந்த முகம்!" என்று தலைப்பையும் போட்டுவிடுங்கள். ஸ்கேன் அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

2. எக்ஸ்ரே எடுங்கள். வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஆவி. ஈய வெள்ளைப் பூச்சு கதிரைத் தடுக்கிறது, மேல்பூச்சு, அடிப்பூச்சு, ஆணி, பின்பக்கச் சட்டம் எல்லாம் ஒரே படத்தில்தான் விழும் என்று யாராவது இழுப்பார்கள். ஆணியைச் சுற்றி வட்டம் போட்டு "கண்" என்று எழுதுங்கள்.

3. அகச்சிவப்புக் கேமராவில் அடிக்கோடு தெரியவில்லையா? கோடே போடாமல் வரைந்த மேதை என்று அறிவியுங்கள். கரிக்கோடுதான் அதில் பளிச்சென்று தெரியும், செங்காவிக் கட்டியில் போட்ட கோடு மாயமாகிவிடும் என்பதைப் பற்றி மூச்சு விடாதீர்கள்.

4. தனிமங்களைக் காட்டும் ஸ்கேனில் செம்பு வந்தால் பச்சை என்று சொல்லுங்கள். நீலமாகவும் இருக்கலாம்தான். ஆனால் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

5. ஆம்ஸ்டர்டாம்காரர்களைப் பார்த்துக் கெட்டுப்போகாதீர்கள். ரெம்பிராண்டின் 'நைட் வாட்ச்' ஓவியத்தை 8,439 துண்டுகளாகப் படமெடுத்து ஒட்டி, 717 கிகாபிக்சல் படமாக 2022-இல் வெளியிட்டார்கள். நிறத்துகளைக்கூட எண்ணலாம், அதில் மர்மத்துக்கு இடம் எங்கே? உங்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்த படம் போதும். மங்க மங்கத்தான் ரகசியம் கூடும்.

6. இதுதான் முக்கியம், நிதானமாகப் படியுங்கள். டிரெஸ்டனில் உள்ள வெர்மீரின் ஓவியத்தில் ஒரு பெண் ஜன்னலோரம் கடிதம் படிக்கிறாள். பின்னால் வெறும் சுவர். அந்தச் சுவருக்கடியில் காதல் தெய்வம் க்யூபிட் இருப்பதை 1979-லேயே எக்ஸ்ரே காட்டிவிட்டது. உடனே எல்லோரும் தலையாட்டினார்கள்: வெர்மீரே மனம் மாறி அழித்துவிட்டார், வெறுமையில் என்ன அழகு! (1742-இல் இதே ஓவியத்தை ரெம்பிராண்டுடையது என்று வாங்கியதும் இப்படித்தான் நடந்திருக்கும்.) ஏறத்தாழ 40 வருஷம் அந்த அழகை ரசித்தார்கள். பிறகு யாரோ பொறுமைசாலிகள் துளியளவு மாதிரியெடுத்துப் பார்த்தால், க்யூபிட்டுக்கும் மேல்பூச்சுக்கும் நடுவே பழைய வார்னிஷும் அழுக்கும்! பல பத்தாண்டுகள் சேர்ந்த அழுக்கு. 1675-இல் இறந்துபோன வெர்மீர் எழுந்து வந்தா பூசுவார்? நுண்ணோக்கிக்குக் கீழே கத்தியால் சுரண்டி, 2021-இல் முழு க்யூபிட்டையும் காட்டினார்கள். ஆகவே, யார் பூசியது, எப்போது பூசியது என்று எக்ஸ்ரேயிடம் கேட்காதீர்கள். அதற்குத் தெரியாது. நீங்களே சொல்லிவிடுங்கள், அழுக்கைப் பார்க்க ஆள் வருவதற்குள்.

7. கருவிகள் எதுவும் கைகொடுக்கவில்லையென்றால் துளை போடுங்கள். ஃபிளாரன்ஸில் வசாரியின் சுவரோவியத்துக்குப் பின்னால் லியோனார்டோவின் 'ஆங்கியாரிப் போர்' இருக்கிறதா என்று ரேடார் வைத்துப் பார்த்தார்கள். சுவருக்குப் பின்னால் இடைவெளி இருப்பது தெரிந்தது. அது போதாதென்று 2011-இன் கடைசியில் வசாரியையே துளைத்தார்கள். கலை வரலாற்றாளர்கள் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். லியோனார்டோ கிடைக்கவில்லை. நீங்கள் பயப்படாதீர்கள். ஏற்கெனவே விரிசல் விட்ட இடத்தில்தான் துளைத்தோம் என்று சொல்லுங்கள். உள்ளே போனது கேமராக் குழாய்தானே, கை இல்லையே! அறிக்கையில் "தொடாமல் செய்த ஆய்வு" என்றே போட்டுக்கொள்ளலாம்.