சாரம் கட்டிட்டியா தம்பி?

வாடா தம்பி, இப்படி இஸ்தோப்புல உக்காரு. தெமோதரையில ஹோம்ஸ்டே கட்டுறியாமே? ஒன்பது வளைவுப் பாலம் பாக்க வர்ற வெள்ளைக்காரங்க உன் மாடியில தங்கி ரயிலுக்குக் கையாட்டுவாங்களாம். நல்லா இருக்கட்டும். நேத்து அந்தப் பக்கமா வந்தேன். வாசல்ல பளபளன்னு ஒரு கடுதாசி தொங்குது. லேமினேட் வேற. "வேலைத்தளத்தில் ஏற்படும் விபத்துகளுக்கு உரிமையாளர் பொறுப்பல்ல." கீழ மேசன் பாஸ் கையெழுத்து, கையாள் ரெண்டு பேர் கைநாட்டு. அடேயப்பா! பதுளைக் கோட்டுல கூட இவ்வளவு நேர்த்தியா எழுத மாட்டாங்க.

அப்புறந்தான் ஏணியப் பாத்தேன். நாலாவது படி இல்ல. அஞ்சாவது படிய கட்டுக்கம்பியால சுத்தி வச்சிருக்க. ஏணி யாரோடது? உன்னோடது. கடுதாசிக்குச் செலவழிச்ச காசுல நாலு சவுக்குக் கம்பு வாங்கியிருக்கலாமே? "பாஸுக்குச் சாரம் கட்டலையாடா"ன்னு கேட்டேன். "இடுப்புல கட்டிக்கிட்டுத்தானே தாத்தா வந்திருக்காரு"ன்னு பல்லக் காட்டுன. எனக்கும் சிரிப்பு வந்துச்சு. தகரம் நனைஞ்சு வழுக்குது, தலைக்கு மேல கரண்டு வயர் ஓடுது, பாஸ் மடிச்சுக் கட்டின சாரத்தோட ஒத்தக்கால்ல நிக்கிறாரு. அவரு சிரிச்ச மாதிரி தெரியல.

நான் படிச்சது தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல அஞ்சாங்கிளாசு. ஆனா நாப்பது வருசம் தேயிலை ஸ்டோர்ல ரோலருக்குப் பக்கத்துல நின்னவன். எவனுக்கு விரல் போச்சு, எவனுக்கு எவ்வளவு கெடைச்சுதுன்னு லயமே கணக்கு வச்சிருக்கும். வேலையாள் நட்டஈட்டுச் சட்டம்னு ஒண்ணு, 1934ல வெள்ளைக்காரன் காலத்துல வந்தது. தன் தொழிலுக்கு ஆள் வச்சவன், அந்த ஆளு வேலையில அடிபட்டா நட்டஈடு கட்டணும். "எனக்கு நட்டஈடு வேண்டாம்"னு ஆளு முன்கூட்டியே எழுதிக் குடுத்தாலும் செல்லாது. உன்ன மாதிரி ஒருத்தன் கடுதாசிய நீட்டுவான்னு சட்டம் எழுதினவனுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு பாரு! 2022ல திருத்தினாங்க. உச்சத் தொகை 550,000 ரூபாயா இருந்தது 20 லட்சமாச்சு. வேலைக்கு வர்ற வழியில அடிபட்டாலும் இப்ப கணக்குல சேருது.

"நான் என்ன கம்பனியா தாத்தா, சொந்த வீடுதானே"ங்கிற. குடியிருக்கிற வீட்டுக்கு ஒருநாள் ஓடு மாத்துறவன்கிட்ட அந்தச் சட்டம் அவ்வளவா ஒட்டாது, மெய்தான். நீதான் ஒரு ராத்திரிக்கு இத்தனை டொலர்னு போர்டு மாட்டிட்டியே! அது வீடா, கடையா? வேலைய முழுசா காண்ட்ராக்ட்டுக்கு விட்டிருந்தா, கையாளுங்களுக்கு மொதல்ல பதில் சொல்ல வேண்டியது பாஸ். நீ காசு மிச்சம் புடிக்க நாள்கூலிக்கு நீயே ஆள் புடிச்ச. காலையில பெரட்டுக்களத்துத் தொரை மாதிரி நீயே கையப் பின்னால கட்டிக்கிட்டு, "அதத் தூக்கு, இதுல ஏறு"ங்கிற. வேல வாங்குறப்ப மொதலாளி, விழுந்தா வேடிக்கை பாக்க வந்தவனா?

அது கெடக்கட்டும். ஒல்லாந்தன் போயி எத்தனையோ காலமாச்சு, அவன் விட்டுட்டுப் போன ரோம-டச்சுச் சட்டம் இன்னும் இங்க உசிரோடதான் இருக்கு. உன் கவனக்குறைவால இன்னொருத்தன் கால் ஒடிஞ்சா, வீடோ கடையோ, அவன் வழக்குப் போடலாம். பாஸ் காலங்காத்தாலயே கால் போத்தல் போட்டிருந்தாருன்னு நீ காட்டிட்டா, 1968ஆம் வருசத்துச் சட்டப்படி அவர் தப்பு எவ்வளவு, உன் தப்பு எவ்வளவுன்னு கோட்டு பங்கு பிரிக்கும். உன் பங்கு கொறையலாம். காணாமப் போகுமா? கம்பி சுத்தினது நீதானே? கூரையில உளுத்த வளை எதுன்னு உனக்குத் தெரியும். ஏறுறவருக்குச் சொன்னியா? அந்தக் கடுதாசியிலயாவது எழுதினியா?

நமுனுகுலப் பக்கம் பாரு, கருக்குது. இன்னும் அரை மணி நேரத்துல கொட்டும். ஓடிப்போய் பாஸ எறங்கச் சொல்லு. நாலாவது படி இல்லைங்கிறத மறக்காம சொல்லு, எறங்குறப்ப கால் தேடும். எல்லாருக்கும் பிளேன்டீ ஊத்து, சீனி கூடப் போடு. அந்தக் கடுதாசியக் கிழிக்கலாம்னா லேமினேட் கிழியாது. அடுப்புல வச்சா நாறும். கேத்தலுக்கு அடியில வை, மேசை சுடாம இருக்கும்.