பாம்புக்குப் பந்தி வைத்தல்: ஓர் ஆய்வு

சிவன் கழுத்தில் பாம்பு உண்டு. திருமாலுக்குப் படுக்கையாகவும் பாம்பு உண்டு. அவற்றுக்கு வேளாவேளைக்கு இரை வைத்தவர் யார் என்பதை இதுவரை எந்த ஆய்வேடும் எழுப்பவில்லை. அப்பெருங்குறையை நீக்கப் புகுந்தது இக்கட்டுரை.

முதற்கண் ஆய்வு எல்லை. நாகம், சாரை, மண்ணுளி முதலான நம்மூர்ப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறையோடு கருத்து வேறுபாடு கொள்ள விரும்பாமையால், அமெரிக்க வீடுகள் பலவற்றில் கண்ணாடித் தொட்டிக்குள் குடியிருக்கும் கார்ன் ஸ்நேக் என்னும் நஞ்சற்ற பாம்பை எடுத்துக்கொண்டோம். எமது கருதுகோள்: தொட்டிப் பாம்பின் உடம்பு கெடுவது பெரும்பாலும் வீட்டாரின் உபசாரத்தால்.

இத்துறையில் நமக்கு முன்னோர் விட்டுச்சென்ற கொள்கை ஒன்றே: பாலும் முட்டையும். ஆடி வெள்ளியில் புற்றில் வார்க்கும் பால், புற்றைக் கட்டிய கறையானுக்கும் மண்ணுக்கும் போய்ச் சேர்கிறது. பாம்பு ஊர்வன இனம், தாய்ப்பால் அறியாத பிறவி. பாலைச் செரிக்க அதன் வயிற்றில் வழியில்லை. பாம்பாட்டியின் பாம்பு குடித்ததே என்று கடாவினால், நாட்கணக்கில் தண்ணீர் காட்டாமல் வைத்தால் எதை நீட்டினாலும் குடிக்கும் என்பது விடை. முட்டைக் கட்சியினருக்குப் பாதி மதிப்பெண் தரலாம். பறவை முட்டையை விழுங்கி, தொண்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் முதுகெலும்பு முனைகளால் உடைக்கும் பாம்பினம் இந்தியாவிலேயே உண்டு. சைவக் கட்சியினர் மன்னிக்க: உலகில் சைவப் பாம்பு ஒன்றுகூட இல்லை.

தொட்டிப் பாம்புக்கு உகந்தது முழு எலி. எலும்பில் சுண்ணாம்புச் சத்து, ஈரலில் வைட்டமின் ஏ. எல்லாம் ஒரே பொட்டலத்தில். மரியாதை கருதி எலும்பில்லாத கோழிக்கறி வாங்கிப் போடுவது சத்தைத் திருடுவதாகும். எலியின் பருமன், பாம்பின் உடம்பில் ஆகப் பருத்த இடத்தின் அளவுக்கு இருந்தால் போதும். தோட்டத்தில் பிடித்த எலி ஆகாது. நஞ்சு தின்றிருக்கலாம், வயிற்றில் புழு இருக்கலாம். உயிரோடு விட்டாலோ எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும். ஆகவே உறையவைத்த எலியை வாங்கி, வெந்நீரில் வைத்து இளக்கி, இடுக்கியால் நீட்ட வேண்டும். மைக்ரோவேவில் வைப்போர் அடுப்புக்கும் வாழ்க்கைத்துணைக்கும் பதில் சொல்லக் கடவர். சால்மொனெல்லா கிருமி பரவும் என்பதால் எலிக்குத் தனி ஃப்ரீசர் நலம். துருவிய தேங்காய்க்கு அருகில் எலியை வைத்த வீடுகளில் ஆய்வைத் தொடர இயலாது.

இனி உபசாரம். குட்டிக்கு வாரம் ஒருமுறை, வளர்ந்ததற்குப் பத்துப் பதினான்கு நாளுக்கு ஒருமுறை இரை போதும். இவ்வளவு சிறிய தகவலைத் தாங்கும் வலிமை தமிழ்க் குடும்பத்துக்கு இல்லை. மகளின் பேறுகாலம் பார்க்க நியூ ஜெர்சி போன பாட்டி ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

"ஏன்டா கண்ணு, இது நேத்தும் ஒண்ணும் திங்கலையே?"

"போன ஞாயித்துக்கிழமை சாப்பிட்டுச்சு பாட்டி."

"ஞாயித்துக்கிழமையா! வாயில்லா ஜீவன்டா. இன்னும் ஒண்ணே ஒண்ணு குடு."

இந்த 'இன்னும் ஒண்ணே ஒண்ணு' இலையில் இட்லியாக விழும்போது அன்பு. தொட்டியில் எலியாக விழும்போது கொழுப்பு. மேலும், விருந்தாளி உண்டவுடன் தூக்கிக் கொஞ்சக் கூடாது. இரண்டு நாள் தொடாமலிருக்க வேண்டும். தவறினால் விருந்து முழுசாக வெளியே வரும். தோல் உரிக்கும் முன்பு தானாகவே இரையை மறுப்பதும் உண்டு. அதைச் சமையல் குறித்த விமர்சனமாகக் கொள்ளலாகாது.

செரிமானத்துக்குத் தொட்டியின் ஒரு மூலை 30 பாகை செல்சியஸ் அளவில் எப்போதும் சூடாக இருத்தல் வேண்டும். இல்லையேல் இரை வயிற்றிலேயே அழுகும். இந்தத் தகவல் மட்டும் பாட்டிக்கு உடனே விளங்கிவிட்டது. நியூ ஜெர்சிக் குளிரில் தயிர் உறையாமல் அதுவரை தவித்தவர், உறை ஊற்றிய பாத்திரத்தைத் தொட்டியின் அந்த மூலைமேல் கொண்டுபோய் வைத்தார். தயிர் கெட்டியாக உறைந்தது. சால்மொனெல்லா குறித்து மேலே கூறியவை இதற்கும் பொருந்தும்.